வெள்ளைக் குங்கிலியம்: எதற்கு வாங்கலாம், எதற்கு வேண்டாம்

நாட்டு மருந்துக் கடையில் குங்கிலியம் கேட்டால், எந்த மரத்துக் குங்கிலியம் வேண்டும் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பதில்லை. வாங்குபவரும் அதைச் சொல்வதில்லை. அந்த ஒரே பெயரில் குறைந்தது மூன்று வேறு மரங்களின் பிசின்கள் எடைபோடப்படுகின்றன. மணம், உருகும் விதம், விலை, காட்டுக்கு அவற்றால் நேரும் இழப்பு எல்லாமே வேறு வேறு. கும்பகோணம், மதுரை, மங்களூரு ஆகிய ஊர்களின் கடைகளிலும் இணைய விற்பனைத் தளங்களிலும் சில ஆண்டுகளாக வாங்கிப் பயன்படுத்திவரும் வெள்ளைக் குங்கிலியத்தைப் பற்றியதே இந்த மதிப்புரை. கடைகளின் பெயர்களை எழுதவில்லை. ஒரே கடையில் தையில் கிடைத்த சரக்கும் ஆடியில் கிடைத்த சரக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், கடையைப் புகழ்வதைவிடவும் பழிப்பதைவிடவும் சரக்கை அடையாளம் காணச் சொல்வதே வாங்குபவருக்கு உதவும்.

வெள்ளைக் குங்கிலியம் தருவது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு பெருமரம். தாவரவியலார் அதற்கு வட்டேரியா இண்டிகா என்று பெயரிட்டுள்ளனர். கேரளத்தில் வெள்ளைப் பயின், கர்நாடகத்தில் தூப மரம். கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது இதுவன்று. சார்க்கண்டு, சத்தீசுகர், ஒடிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வரும் சால மரத்தின் குங்கிலியமே அது. சித்த மருந்து நூல்களில் வாளா குங்கிலியம் என்று சொன்னால் பெரும்பாலும் சாலத்தையே கொள்கிறார்கள். மூன்றாவது, கருங்குங்கிலியம்: மேற்கு மலைகளிலேயே வளரும் கனேரியம் என்னும் வேறு குடும்பத்து மரத்தின் கருத்து மின்னும் பிசின். இவை போக, திருப்பதி, கடப்பை மலைப் பக்கங்களில் வளரும் தம்பகம் என்னும் அருகிய மரத்தின் பிசினும் ஒருகாலத்தில் இதே பெயரில் தூபத்துக்குப் போயிருக்கிறது. கோயில் கொடிமரத்துக்கு உகந்த நெடுமரம் என்பதால் தம்பகத்துக்கு இரட்டைத் தொல்லை.

நல்ல வெள்ளைக் குங்கிலியம் பெயருக்கேற்ற பால்வெள்ளையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். புதுச் சரக்கு இளமஞ்சளும் மெல்லிய பச்சைச் சாயலும் கலந்து கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். நாள்பட்டது தேன் நிறத்துக்கு வரும். உடைத்தால் விளிம்பு கூர்மையாகவும் முகம் வழவழப்பாகவும் பிளக்கவேண்டும். பழைய வணிகக் குறிப்புகள் இதை மூன்று தரமாகப் பிரித்திருந்தன. பட்டையில் கீறிய இடத்திலிருந்து வடிந்து இறுகிய கெட்டிப் பிசின் முதல் தரம். உள்ளே காற்றுக் குமிழிகள் நிறைந்து நுரைபோல் இலேசாக இருப்பது அடுத்தது. செத்த முதுமரங்களைப் பிளக்கும்போது உள்ளிருந்து கிடைக்கும் கருத்த பிசின் கடைசி. இன்றைய கடைச் சாக்கில் மூன்றும் கலந்தே கிடக்கின்றன, கூடவே பட்டைச் சிராயும் மண்ணும். என் அனுபவத்தில் மங்களூருச் சரக்கில் குப்பை குறைவு. மரம் வளரும் இடத்துக்கு அருகிலுள்ள சந்தை என்பதால் இடையில் கைமாறும் தடவைகள் குறைவாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன்.

கலப்படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. பைன் மரத்திலிருந்து டர்பன்டைன் வடித்தபின் எஞ்சும் ரோசின் பார்வைக்குக் குங்கிலியத்தின் உடன்பிறப்பு. மலிவானது, எங்கும் கிடைப்பது, ஆகவே எதிலும் கலக்கப்படுவது. விரலிடையில் வைத்துத் தேய்த்தால் ரோசின் சீக்கிரமே பிசுபிசுக்கும், டர்பன்டைன் நெடி அடிக்கும். குங்கிலியம் அவ்வளவு எளிதில் இளகாது. இதைவிடத் தெளிவான சோதனை, தூளாக்கிய ஒரு சிட்டிகையைச் சிறு கண்ணாடிக் குப்பியில் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி வைப்பது. ரோசின் முழுக்கக் கரைந்து தெளிந்த மஞ்சள் நீராகிவிடும். குங்கிலியத்தில் ஒரு பகுதி கரையாமல் வெண்மையாக அடியில் தங்கும். தண்ணீரில் போட்டுப் பார்க்கும் சோதனையைச் சிலர் சொல்வதுண்டு. அது வேலம்பிசின் போன்ற நீரில் கரையும் பிசின்களைப் பிரித்துக் காட்டுமே தவிர, ரோசினைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டுமே நீரில் கரையாதவை. சோதித்த சரக்குகளில் கட்டியாக விற்கப்பட்டவை பெரும்பாலும் தேறின. தூளாக விற்கப்பட்டவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை.

தூபத்துக்கு வருவோம். தணலில் இட்டதும் வெள்ளைக் குங்கிலியம் முதலில் உருகிக் கொப்புளிக்கும், பிறகு அடர்ந்த வெண்புகை எழும். அதன் மணத்தில் எலுமிச்சைத் தோலின் புளிப்பும் ஈரமான மரப்பட்டையின் வாசமும் இருக்கின்றன. சாம்பிராணியின் இனிப்பு அறவே கிடையாது. சாம்பிராணிக்குப் பழகிய மூக்குக்கு முதலில் இது வறட்சியாகத் தோன்றலாம். சாலக் குங்கிலியத்தின் புகை இதைவிடக் கனமானது, சற்றுக் கரிந்த வாசமும் சேர்ந்து வரும். கருங்குங்கிலியத்தின் மணம் மூன்றிலும் ஆழமானது, கூடத்தில் நெடுநேரம் தங்கும். மணத்துக்காக மட்டும் என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கருங்குங்கிலியத்தை முதலிலும் வெள்ளையை அடுத்தும் வைப்பேன். தணல் மிகுந்தால் வெள்ளைக் குங்கிலியம் தீப்பற்றிக் கரும்புகை கக்கும் என்பதால், சாம்பல் பூத்த தணலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவதே முறை. எந்தப் பிசினானாலும் சன்னலை அடைத்த அறையில் புகைப்பது நுரையீரலுக்கு நல்லதன்று. கைக்குழந்தையைக் குளிப்பாட்டியபின் தூபம் காட்டும் வீடுகளில் இதைக் கவனத்தில் கொள்வது அவசியம்.

தணலில் இடாமல் நேரடியாகத் திரியில் எரித்தால் இதே பிசின் வேறு குணம் காட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டின் மலபார்க் கரையில் இதைக்கொண்டு மெழுகுவத்திகள் செய்தார்கள். புகை குறைவாகவும் ஒளி தெளிவாகவும் மணமாகவும் எரிந்த அவை ஐரோப்பாவுக்கும் அனுப்பப்பட்டன, அங்கே விரும்பப்பட்டும் இறக்குமதி வரி மிகுந்ததால் அந்த வணிகம் நின்றுபோனது. அப்படி ஒரு வத்தியை இன்று எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

குங்கிலியத் தூபம் என்றாலே தமிழருக்கு நினைவுக்கு வருபவர் திருக்கடவூர்க் கலயனார். வீட்டில் நெல் இல்லாமல் மனைவி கழற்றிக் கொடுத்த தாலியை, எதிரே வந்த வணிகனிடம் கொடுத்து ஒரு பொதி குங்கிலியம் வாங்கிக் கோயில் பண்டாரத்தில் சேர்த்தவர் அவர். எந்த மரத்தின் குங்கிலியமோ, வணிகன் எந்தக் கணவாய் வழியாக வந்தானோ, ஒரு தாலியின் பொன்னுக்குப் பொதி முழுவதும் கிடைத்திருக்கிறது. இன்றைய விலையில் ஒரு சிறு தாலிக்கு எத்தனை பொதி வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், பொன்னின் விலையோடு குங்கிலியத்தின் விலை ஏறவே இல்லை என்பது தெரியும். மரம் அருகிவரும் அளவுக்கு விலையில் அதன் சுவடு படியவில்லை. சாலமும் ரோசினும் அந்த இடத்தை நிரப்பிவிடுவதே காரணம் என்று கருதுகிறேன்.

வெள்ளைக் குங்கிலியத்தின் உண்மையான தகுதி தூபத்தில் அன்று, பட்டறையில்தான் வெளிப்படுகிறது. சுவாமிமலையில் ஐம்பொன் படிமம் வார்க்கும் ஸ்தபதிகள் முதலில் படிமத்தை மெழுகில் செய்துகொள்கிறார்கள். தேன்மெழுகு மட்டும் என்றால் தஞ்சைப் பகுதியின் வெயிலில் கைபட்டவுடன் குழையும். விரல்நுனி, ஆபரணத்தின் மணி, கண்ணிமை போன்ற நுண்வேலைகள் நிற்காது. ஆகவே தேன்மெழுகோடு தூளாக்கிய குங்கிலியத்தைச் சம அளவாகவும், அதில் கால் பங்கு கடலை எண்ணெயையும் சேர்த்துக் காய்ச்சி வடிகட்டுகிறார்கள். குங்கிலியம் உறுதியையும் எண்ணெய் வளைவையும் தரும். பருவத்துக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைப்பது கைப்பழக்கம். வார்ப்புப் பட்டறை ஒன்றில் வெள்ளை, சாலம் இரண்டையும் கொடுத்துத் தனித்தனியே கலந்து பார்க்கச் சொன்னேன். வெள்ளை கலந்த மெழுகில் கத்தி வைத்துச் சீவினால் ஓரம் சிதறாமல் வந்தது. சாலம் கலந்ததில் மண் துகள் தட்டியது, இரண்டாவது முறை வடிகட்டியபின் அதுவும் போதுமான அளவுக்குத் தேறியது. வேலை செய்தவரின் தீர்ப்பு: வெள்ளை மேல், ஆனால் வடிகட்டப் பொறுமை உள்ளவனுக்கு அந்த விலை தேவையில்லை.

இந்தக் கைத்தொழிலைப் பற்றிய விவரணைகளில் குங்கிலியத்துக்கு டம்மாரா ஓரியண்டாலிசு என்னும் தாவரப் பெயரைத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். அது கிழக்கிந்தியத் தீவுகளில் வளரும், ஊசியிலை மர வகையைச் சேர்ந்த அகாத்திசு மரத்தின் பழைய பெயர். சோழநாட்டுப் பட்டறையில் எந்த மரத்தின் பிசின் உருகுகிறது என்பதைச் சொல்லும் இடத்தில் இந்தியாவில் இல்லாத மரத்தின் பெயர் நிற்கிறதென்றால், கடைக்காரர் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை என்று மேலே நான் குறைப்பட்டது அவர்மீது மட்டும் சுமத்தத் தக்க குறையன்று.

குடமுழுக்கின்போது படிமத்தையும் பீடத்தையும் பிணைக்க இடிக்கும் அட்டபந்தன மருந்திலும் குங்கிலியம் உண்டு. கொம்பரக்கு, சுக்கான் கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகியவற்றோடு சேர்ந்து எட்டாவதாக நிற்பது அது. வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு நெடுநேரம் சம்மட்டியால் இடிக்க இடிக்கத்தான் மருந்து பதத்துக்கு வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் வழக்கப்படி பார்த்தாலும் ஒரு கோயிலுக்கு வேண்டிய அளவு சிறிதே. இங்கே தரத்தில் சிக்கனம் பார்ப்பதில் பொருளில்லை. ரோசின் கலந்த சரக்கு இந்த வேலைக்கு உதவாது. உலர்ந்தபின் நொறுங்கும் இயல்புள்ள அது பந்தனத்தின் ஆயுளைக் குறைக்கும். மாறாக, தஞ்சாவூர்க் கலைத்தட்டு செய்பவர்கள் தகட்டின் பின்புறம் தாங்கலாக ஊற்றும் கலவைக்கு, அதாவது குங்கிலியமும் செங்கல் தூளும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் கருங்குழம்புக்கு, மிக மலிந்த சரக்கே போதும். தகட்டைத் தட்டி உருவம் எழுப்பியபின் சூடுகாட்டி நீக்கிவிடுவதுதானே.

மெருகெண்ணெயாகப் பயன்படுத்தியும் பார்த்தேன். டர்பன்டைனில் ஊறவைத்தால் ஓரிரு நாளில் கரைந்துவிடுகிறது, ஆனால் கரைசல் கலங்கலாக இருக்கும். பிசினோடு கலந்திருக்கும் மெழுகுப்பொருள் முழுக்கக் கரையாததால் வரும் கலங்கல் அது. மெல்லிய துணியில் வடித்துச் சில நாள் அசையாமல் வைத்துத் தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டால், மரச்சட்டங்களுக்கும் ஓவியங்களுக்கும் பூசத்தக்க பளபளப்பு கிடைக்கிறது. பெட்டி வண்டிகளுக்கும் படங்களுக்கும் பூச 19ஆம் நூற்றாண்டில் இதைக் காய்ச்சிய எண்ணெயில் கலந்து பயன்படுத்தியிருக்கிறார்கள். ஓவியப் பொருள் கடைகளில் டாமர் என்று விற்கப்படும் பிசின் இந்தோனேசியக் காடுகளிலிருந்து வருவது, நிறத்தில் இன்னும் தெளிவானது. ஓவியர்கள் அதையே வாங்குவது நல்லது. நம்முடையது மரவேலைக்குப் போதும்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். குங்கிலியத்தை இளநீரில் இட்டுச் சுத்திசெய்து ஆக்கும் குங்கிலிய பற்பமும், எண்ணெயில் உருக்கி நீர்விட்டுப் பலமுறை கழுவி வெண்ணெய்ப் பதமாக்கும் குங்கிலிய வெண்ணெயும் சித்த மருத்துவத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளவை. முன்னது நீர்ச்சுருக்குக்கும் வெள்ளைபடுதலுக்கும், பின்னது புண்ணுக்கும் மூலத்துக்கும் என்பது நூல் வழக்கு. தூபத்துக்கு என்று சாக்கிலிருந்து அள்ளிக் கொடுக்கும் சரக்கை வாங்கி வீட்டில் மருந்து செய்யவேண்டாம். என்ன மரம் என்றே தெரியாத ஒன்றைச் சுத்திசெய்து பயனில்லை. உரிமம் பெற்ற மருந்துச் சாலைகளின் தயாரிப்பை மருத்துவர் சொன்னபடி உண்பதே சரி.

இனி, விலைச்சீட்டில் இல்லாத கணக்கு. வெள்ளைப் பயின் மேற்கு மலைகளின் பசுமைமாறாக் காட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் வரை, பெரும்பாலும் கர்நாடகத்திலும் கேரளத்திலும், ஈரம் மிகுந்த சில ஓரங்களில் தமிழ்நாட்டிலும் வளர்கிறது. 40 மீட்டர் வரை உயரும். கொப்பும் கிளையும் இல்லாமல் உருண்டு திரண்டு நிமிர்ந்த அடிமரமே அதற்கு வினையானது. அந்த உருளையை இயந்திரத்தில் சுழற்றித் தாள்தாளாகச் சீவ முடியும் என்பதால், 20ஆம் நூற்றாண்டின் ஒட்டுப்பலகை ஆலைகளும் தேயிலைப் பெட்டி செய்தவர்களும் அதை விரும்பி வெட்டினார்கள். பிசினை எடுத்தால் மரம் நிற்கும். பலகைக்கு எடுத்தபின் நிற்க ஏது? அத்தனைக்கும் பயின் பலகை தேக்குபோல் நெடுநாள் உழைப்பதன்று, பதப்படுத்தாவிட்டால் பூச்சி அரிக்கும். பெட்டிக்கும் பலகைக்கும் பயன்பட்டு ஓரிரு தலைமுறைக்குள் குப்பையாகப்போகும் பொருளுக்காக நூறாண்டு மரங்கள் சாய்ந்தன. பசுமைமாறாக் காடுகளில் வெட்டு 1980களில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. அதற்குள் தாழ்மலைக் காடுகளின் பெரும்பகுதி ரப்பருக்கும் தேயிலைக்கும் அணைகளுக்கும் போயிருந்தது.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 1998ஆம் ஆண்டு இம்மரம் அழிவின் விளிம்பிலுள்ளவற்றோடு சேர்க்கப்பட்டது. பின்னர் வந்த மதிப்பீடு அந்தக் கடுமையைத் தளர்த்தியிருந்தாலும், அச்சுறுத்தலுக்கு உள்ளான இனங்களின் வரிசையிலிருந்து அதை நீக்கவில்லை. மரம் மீண்டும் பெருகுவதில் அதற்கே உரிய ஓர் இடர்ப்பாடு இருக்கிறது. இதன் குடும்பத்து மரங்கள் பலவற்றில் காய்க்கு இறக்கை உண்டு. காற்றில் சுழன்று கொஞ்சதூரமாவது போகும். பயினுக்கு அதுவும் இல்லை. கோழிமுட்டை அளவுக்குக் கனத்த காய் தாய்மரத்தின் அடியிலேயே விழுகிறது, சரிவிருந்தால் உருண்டு ஓடைவரை போகும். விதைக்கு உறங்கிக் காத்திருக்கும் ஆற்றலும் கிடையாது, சில வாரங்களில் முளைக்காவிட்டால் செத்துவிடும். எனவே விதையைச் சேமித்துவைத்து அடுத்த ஆண்டு நாற்றுப் போடலாம் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அந்த விதையையும் நாம் விட்டுவைக்கவில்லை. அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு. பயின் கொழுப்பு, மலபார்க் கொழுப்பு என்ற பெயர்களில் அது மெழுகுவத்திக்கும் சோப்புக்கும் கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகவும் போகிறது. பெருமரத்தின் அடியில் விழுந்ததை எல்லாம் பெருக்கி அள்ளிவிட்டால் அடுத்த தலைமுறை எங்கிருந்து முளைக்கும்?

பிசின் எடுப்பதும் எடுப்பவரைப் பொறுத்தது. பட்டையில் அளவாகக் கீறி, வடிந்து இறுகியதைச் சுரண்டி எடுத்து, காயம் ஆற இடைவெளி விட்டால் மரம் பல்லாண்டு தரும். ஆழக் கீறி, பழைய காயத்தின்மேலேயே மீண்டும் கீறி, அடிமரத்தைச் சுற்றிவளைத்துவிட்டால் பூஞ்சை புகுந்து மரம் உள்ளுக்குள் சாகிறது. கருங்குங்கிலியத்தில் அடிமரத்துக்கருகே தீமூட்டிச் சுரப்பைக் கூட்டும் வழக்கமும் உண்டு. அது இன்னும் மோசம். மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளச் சுரப்பதுதான் பிசின். காட்டில் அதற்கு வேறு வாடிக்கையாளரும் உண்டு: கொசுத்தேனீ இந்தப் பிசினை எடுத்துப்போய்த்தான் மெழுகோடு குழைத்துக் கூடு கட்டுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டுவாழ் மக்களுக்கு உரிமை தந்தது. ஆண்டுதோறும் அதே மரத்திடம் திரும்பி வரவேண்டியவர் அதைச் சாகடிக்கமாட்டார் என்பதால், உரிமை அவர் கையில் இருப்பதே மரத்துக்கும் நல்லது. ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இந்த நிலையில் பொட்டலங்களைப் பார்த்தால் எரிச்சலே மிஞ்சுகிறது. நான் வாங்கிய எந்தப் பொட்டலத்திலும் மரத்தின் பெயரோ, எடுத்த காட்டின் பெயரோ, எடுத்தவர் யார் என்பதோ இல்லை. இணையத்தில் வாங்கிய ஒன்றில் படத்தில் வெள்ளைக் கட்டியும் விளக்கத்தில் சாலத்தின் தாவரப் பெயரும் பையில் ரோசின் கலந்த தூளும் இருந்தன. மூன்றும் மூன்று பொருள். திருப்பி அனுப்பக் கேட்டபோது பூசைப் பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பதில் வந்தது. கப் சாம்பிராணிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கரித்தூள், மரத்தூள், ஒட்டுப்பொருள், வாசனைத் திரவம் ஆகியவையே பெரும்பகுதி. அட்டைப்பெட்டியில் குங்கிலியம் என்று அச்சிட்டிருந்தாலும் மூக்குக்கு எட்டவில்லை. அதில் மெய்யாகவே வெள்ளைப் பயின் கலந்திருந்தால் அது வீண், கலக்காமல் எழுதியிருந்தால் பொய்.

என் பரிந்துரை இது. நாள்தோறும் தூபம் போடும் வீடுகளுக்கு வெள்ளைக் குங்கிலியம் தேவையில்லை. குப்பை நீக்கிய சாலக் கட்டி போதும், சாலம் இன்னும் பரந்த காடுகளாக நிற்கும் மரம். விசேட நாள்களில் கொஞ்சம் வெள்ளை சேர்த்துக்கொள்ளலாம், மணத்தில் வேறுபாடு தெரியும். மெழுகு வார்ப்புக்கும் அட்டபந்தனத்துக்கும் வெள்ளையை வாங்குவதில் தவறில்லை. அளவு சிறிது, பயன் நெடுநாள் நிற்கும். வாங்கும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கலாம்: எந்த மரம், எந்தச் சங்கம் அல்லது தோட்டத்திலிருந்து வந்தது? கேரளத்திலும் கர்நாடகத்திலும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்கள் வனப்பொருள்களைக் கொள்முதல் செய்கின்றன. அவற்றின் விற்பனை நிலையங்களில் கிடைத்தால் கடைவிலையைவிடச் சற்றுக் கூடுதலானாலும் அங்கேயே வாங்குவேன். குடகின் காப்பித் தோட்டங்களிலும் தூப மரங்கள் நிழலுக்காக நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் நடும் போக்கு அங்கே வலுத்துவரும் நிலையில், பிசினுக்கு நேர்மையான விலை கிடைத்தால் தோட்டக்காரருக்கு அந்த மரத்தை வைத்துக்கொள்ள ஒரு காரணமாவது இருக்கும். கேள்விக்கு விடை தெரியாத கடையில் சாலத்தையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தூளை எந்த விலைக்கும் வாங்கவேண்டாம். கட்டியாக வாங்கி, மூடியுள்ள கண்ணாடிச் சாடியில் வெயில்படாமல் வைத்து, வேண்டும்போது வேண்டிய அளவு மட்டும் இடித்துக்கொள்வது நல்லது. மொத்தமாக இடித்து வைத்தால் சித்திரை வெக்கையில் அது மீண்டும் ஒட்டிக் கட்டியாகிவிடுகிறது.